நான் கலக்கி விற்ற கிறீம்

பிள்ளைகளே, போன கிழமை நீங்கள் வேலை செய்கிற நம்முடைய சலூனுக்குத் தலைமயிர் நுனி வெட்ட வந்திருந்தேன். இந்தக் கிழவிக்கு இருக்கிற மயிரில் நுனி எது, அடி எது என்று நீங்கள் உள்ளே சிரித்தது கேட்டது. காது இன்னும் பழுதாகவில்லை. நான் கதிரையில் காத்திருந்த நேரம் உங்களில் ஒருத்தி, பெயர் சொல்ல மாட்டேன், பச்சை நகப்பூச்சு போட்டவள், வந்திருந்த மனுசிக்கு முன்னால் ஏழு போத்தல்களை வரிசையாக வைத்தாள். இது வைட்டமின் சி, இது நயாசினமைட், இது ரெட்டினோல், இது இன்ன அசிட் என்று அவள் சொல்லச் சொல்ல, எனக்கே ஏழையும் வாங்கிக்கொண்டு போகவேண்டும் போல இருந்தது. அவ்வளவு நன்றாகக் கதைத்தாள். ஆனால் அந்த மனுசியின் கன்னத்தை அவள் ஒருதரம்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. மூக்கோரத்தில் தோல் உரிந்து நின்றதை, மூன்று கதிரை தள்ளி இருந்த நான், கண்புரை வெட்டின கண்ணால் பார்த்தேன்.

அவளுக்கு ஏசத்தான் எழும்பினேன். பிறகு நான் செய்ததெல்லாம் ஞாபகம் வந்தது, இருந்துவிட்டேன். ஏசுவதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். நீங்கள் டிப்ளோமா முடித்து, சுவரில் சான்றிதழ் மாட்டிவிட்டு வேலைக்கு வந்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் நான் கெடுத்த அளவு முகங்களை நீங்கள் இன்னும் கெடுக்கவில்லை. அந்த வகையில் நான் உங்களுக்கு மூத்தவள்.

சுனாமிக்கு முன்னம் நான் வீட்டில் இருந்துகொண்டு, கலியாண வீடு, பெரியபிள்ளையான பிள்ளைக்குச் சாமத்திய வீடு என்றால் போய்க் கொண்டை போட்டு, பூ வைத்து, பொட்டு எழுதிக் கொடுப்பேன். கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனது. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு இல்லை, அந்த வீடுகளில் இருந்தவர்களில் சில பேரும் இல்லை. மிச்சம் இருந்தவர்கள் முகாமாக்கின ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அந்தக் கதையை நான் நீட்டவில்லை, உங்கள் வீடுகளிலும் அது இருக்கிறது.

முகாமுக்கு ஒருநாள் வெளிநாட்டுப் பெட்டி ஒன்று வந்தது. திறந்தால் முழுக்க டியூப். பச்சை இலை படம், வாயில் நுழையாத எழுத்து. இங்கிலீசு தெரிந்தவர்களும் பார்த்தார்கள், அது இங்கிலீசும் இல்லை. அந்த நாளில் பெண்களின் முகமெல்லாம் உப்புக்காற்றிலும் வெயிலிலும் அழுகையிலும் காய்ந்து கருவாடாகிக் கிடந்தது. நான் ஒரு டியூபைத் திறந்து மணந்து பார்த்தேன். நல்ல வாசம். இது முகத்துக்குப் பூசுகிற கிறீம் என்று தீர்ப்புச் சொன்னேன். கொண்டை போடுகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் வாங்கிப் பூசினார்கள்.

மூன்றாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தால், அவித்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி எல்லார் முகமும் உரிந்து தொங்குகிறது. மருத்துவ முகாம் நடத்த வந்த, அந்தப் பாசை தெரிந்த ஒரு தாதி டியூபை வாங்கிப் பார்த்து, அது பாதவெடிப்புக்குப் பூசுகிற மருந்து என்று சொன்னாள். தடித்த குதித் தோலைக் கரைக்கிற சாமான். அவள் சொல்லி முடிய, உரிந்த முகத்தோடு இருந்த ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"கடல் விட்டிட்டுப் போனத நீ உரிச்சிட்டாய் கா."

முகாமில் முதல் முதல் எல்லாரும் சிரித்தது அன்றைக்குத்தான். என்னை வைத்துச் சிரித்தார்கள், பரவாயில்லை. மிஞ்சின டியூபையெல்லாம் காலில் பூசினார்கள். வெறுங்காலோடு நடந்து வெடித்துப்போன குதிகள் பத்து நாளில் பூப்போல வந்தன. நல்ல சாமான்தான். நான்தான் அதைத் தவறான இடத்துக்கு அனுப்பினேன்.

இதில் இருந்து நான் ஒரு பாடம் படித்தேன், பிள்ளைகளே. படித்தது அரைப் பாடம். எதையும் மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முதல் என்னுடைய இடது புறங்கையில் பூசிப் பார்க்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். எரியாவிட்டால் நல்லது, எரிந்தால் கூடாது. அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

அந்தக் கையோடுதான் புளியந்தீவில் ஒரு சலூனில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கெட்டிக்காரி, வடிவுக்காரி. அந்த நாளில் நம்முடைய தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு சலூனுக்கும் ஒரு சொந்தக் கிறீம் இருக்கும். பெயர் இல்லாத சின்ன வெள்ளை டப்பியில் போட்டு, மேசை லாச்சிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் சொல்லவும் மாட்டோம், அது தொழில் இரகசியம்.

இரகசியம் இதுதான். மூன்று சாமான். ரோசா நிற டியூப் ஒன்று, கடையில் எல்லாரும் வாங்குகிற வாசனைக் கிறீம். வெள்ளை டியூப் ஒன்று, கறுப்பு அடையாளத்தை மங்கவைக்கிற மருந்து. மஞ்சள் டியூப் ஒன்று, அது மருந்துக் கடையில் இருந்து வரும். மூன்றையும் ஒரு பீங்கான் கோப்பையில் பிதுக்கி, கரண்டிக் காம்பால் கலக்குவது என்னுடைய வேலை. கட்டி இல்லாமல் கலந்திருக்கிறதா என்று இடது புறங்கையில் ஒரு பொட்டு வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அதே இடம்.

கொஞ்சக் காலத்தில் அந்த இடம் வெளுத்து, ஒரு ரூபாய்க் குற்றிக் காசு அளவுக்கு மினுங்கத் தொடங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிறவர்களிடம் கையை நீட்டி, மற்ற இடத்தைப் பாருங்கள், இந்த இடத்தைப் பாருங்கள் என்று காட்டுவேன். அதைப் பார்த்தே டப்பிகள் போயின. விளம்பரப் பலகைக்குக் காசு செலவழிக்காத சலூன் நம்முடையது. பலகை என் கையிலேயே இருந்தது.

யுத்தம் முடிந்த அந்த ஆண்டு கலியாணம் என்றால் கலியாணம். வருசக்கணக்காகத் தள்ளிப்போட்டதெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. பாதை திறந்தது, பஸ் ஓடியது, வெளிநாட்டில் நின்ற மாப்பிள்ளைமார் லீவு எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்படி வந்ததுதான் பெரியகல்லாற்றுத் தர்ஷினியின் கலியாணமும்.

தர்ஷினி முன்பள்ளி டீச்சர். வாய் கொஞ்சம் நீளம், எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான். அவளுடைய தாய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது கலியாணத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது. மாப்பிள்ளை செங்கலடிப் பக்கம், கட்டாரில் வேலை, இவளை நேரில் பார்த்ததில்லை. படம் கேட்டிருந்தார்கள். படம் எடுப்பதற்கு முதல் பிள்ளையைக் கொஞ்சம் வெளிறப் பண்ணித் தரவேண்டும் என்பதுதான் தாய் கேட்டது.

அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு குறையும் இல்லை. நல்ல மாநிறம். கன்னம் கொஞ்சம் வறட்சி, வெயிலில் சைக்கிள் ஓடுவதால் நெற்றி கொஞ்சம் கறுப்பு. இன்றைக்கு அவள் என்னிடம் வந்தால் காலையில் வெயிலுக்குப் பூசுகிற கிறீமும், இரவில் ஈரப்பதம் பிடித்து வைக்கிற ஒரு கிறீமும் கொடுத்து, ஒரு குடை வாங்கச் சொல்லி அனுப்புவேன். அன்றைக்கு நான் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டிக் காட்டினேன், டப்பியைக் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் முகம் பளிங்காக வந்தது. படம் எடுத்தார்கள், கட்டாருக்கு அனுப்பினார்கள், சம்மதம் வந்தது. டப்பி முடிந்து ஒரு கிழமை பூசாமல் விட்டபோது முகம் சிவந்து எரிந்தது. ஓடி வந்தார்கள். நான் இரண்டாவது டப்பியைக் கொடுத்தேன். இரண்டே நாளில் எல்லாம் அடங்கிப் போய்விட்டது. பார்த்தீர்களா, இது இல்லாமல் இருக்க அந்த முகத்துக்கு ஏலாது, அவ்வளவு நல்ல கிறீம் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் எல்லாரும் ஒருநாள் விழப்போகிற குழி இதுதான். பூசினால் அடங்குகிறது, விட்டால் கிளம்புகிறது என்றால் அதை நல்ல சாமான் என்று நினைக்காதீர்கள். கிளப்புவதும் அதுதான், அடக்குவதும் அதுதான். எனக்கு அது அன்றைக்கு விளங்கவில்லை. விளங்காததைவிட மோசம், விளங்கிவிட்டது என்று நினைத்தது.

கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தாயும் மகளும் மூன்றாம் முறை வந்தார்கள். மகள் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். எடுத்துப் பார்த்தால் கன்னம் இரண்டும் சிவந்து, பொடிப்பொடியாகப் பரு, தோலுக்குக் கீழே நூல் நூலாக இரத்த நரம்பு. கன்னத்தில் பூனைமயிர் வேறு. டப்பி முடியவில்லை, ஒழுங்காகப் பூசிக்கொண்டுதான் இருக்கிறாள், அப்படி இருந்தும் இது. அடுப்படிக்குப் போனால் எரிகிறது, வெயிலில் நின்றால் எரிகிறது என்றாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கச் சிரித்தாலும் எரிகிறதாம்.

தாய்க்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். இதைவிடப் பலமான டப்பி. மாப்பிள்ளை பார்த்தது அந்தப் படத்தை, அந்தப் படத்து முகத்தைத்தான் மணவறையில் இருத்தவேண்டும்.

அக்கா என்னை உள்ளே கூப்பிட்டு, மஞ்சள் டியூபில் ஒன்றுக்கு இரண்டாகப் போடு என்றாள். நான் கோப்பையை எடுத்தேன். ரோசாவும் வெள்ளையும் ஒவ்வொன்று, மஞ்சள் இரண்டு பிதுக்கினேன், கலக்கினேன். வழக்கம்போல இடது கையில் பொட்டு வைக்கப் போனபோது, புறங்கை மேசை விளிம்பில் இலேசாகத் தேய்ந்தது. அவ்வளவுதான், தட்டுப்படவும் இல்லை. அந்த மினுங்குகிற இடம் நனைந்த கடதாசி மாதிரிக் கிழிந்து இரத்தம் வந்தது.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். கையை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். அந்த வட்டத்துக்குள் தோல் வெங்காயச் சருகு அளவுதான். நரம்பு அப்படியே தெரிகிறது. சுற்றி இருந்த தோல், அறுபதை எட்டிப் பார்க்கிற கிழட்டுத் தோல், அதைவிடப் பலமாக இருந்தது. இவ்வளவு காலமும் நான் ஊருக்குக் காட்டினது வடிவை இல்லை, காயத்தை.

வெளியே இருக்கிற பிள்ளையின் கன்னமும் இதே வெங்காயச் சருகுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் யோசித்த நேரம் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்தான் இருக்கும். ஆனால் எல்லாம் யோசித்தேன். கொடுத்துவிட்டால் கலியாணம் வடிவாக முடியும், யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். பிறகு என்ன நடந்தாலும் அது மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று போய்விடும். கொடுக்காவிட்டால் வேலை போகும், கலியாணமும் போகலாம், அதற்குக் காரணம் நான் என்று பெரியகல்லாறு முழுக்கச் சொல்லும். வீடு இல்லாமல் முகாமில் இருந்தவளுக்கு வேலை போவது என்றால் என்ன என்று தெரியும். உண்மையைச் சொன்னால், என் கை கலந்ததை டப்பியில் போட்டு மூடிக்கூட விட்டது.

பிறகு மூடின டப்பியை லாச்சிக்குள் வைத்தேன். குப்பைக் கூடையில் கிடந்த வெறும் டியூப்களில் நிறத்துக்கு ஒன்றாக மூன்றைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரியில் தோல் வருத்தத்துக்குப் பார்க்கிற கிளினிக் இன்றைக்கு இருக்கிறது, என்னோடு வா என்று தர்ஷினியைக் கையில் பிடித்தேன். அக்கா கதவுவரை வந்து என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மாதச் சம்பளம் எரிந்துபோனது.

டொக்டர் சின்ன வயதுப் பெண். தர்ஷினியின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன பூசினீர்கள் என்று கேட்டாள். ஒரு கிறீம் என்றாள் தர்ஷினி. என்ன கிறீம்? சலூனில் தந்தது. சலூனில் என்ன தந்தார்கள்? தாயும் மகளும் என்னைப் பார்த்தார்கள். நான் முடிச்சை அவிழ்த்து மூன்று டியூபையும் மேசையில் வைத்தேன்.

"நான்தான் டொக்டர் கலக்கினது" என்றேன்.

ஏசுவாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஏசவில்லை. ஒவ்வொரு டியூபாக எடுத்து, முன்பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னாள். ரோசா டியூப் வெறும் வாசனையும் ஈரப்பதமும், அதனால் நன்மையும் பெரிதாக இல்லை, தீமையும் இல்லை. வெள்ளை டியூப் தோலின் கறுப்பைக் குறைக்கிற மருந்து. அதை டொக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாளுக்கு மட்டும் பூசவேண்டும், பூசிவிட்டு வெயிலில் திரியக்கூடாது. மஞ்சள் டியூப் ஸ்டெரோயிட் மருந்து. தோலில் கிரந்தி, அரிப்பு, வீக்கம் என்றால் அதைப்போல நல்ல மருந்து இல்லை. ஆனால் இது பலமான வகை, கை காலின் தடித்த தோலுக்குச் சில நாள் பூசுவது. முகத்துத் தோலில் மாதக்கணக்காகப் பூசினால் தோலே மெலிந்து போகும். சிவப்பை அடக்கிவைக்கும், நிறுத்தினால் அந்தச் சிவப்பு வட்டியோடு திரும்பி வரும்.

மூன்றும் அதனதன் இடத்தில் நல்ல சாமான். எனக்கு முகாமின் பாதவெடிப்பு மருந்து ஞாபகம் வந்தது. ஐந்து வருசத்தில் ஒரே வகுப்பில் இரண்டு முறை பெயில்.

கலியாணம் பன்னிரண்டு நாளில் என்று தாய் சொன்னாள். டொக்டர் தர்ஷினியைத்தான் பார்த்தாள்.

"நிப்பாட்டினா கலியாணத்தண்டுதான் ஆகக் கூடச் சிவந்து இரிக்கும். நான் மறைக்கல்ல. இதையே பூசினா ரெண்டு நாளில அடங்கும், படத்தில வடிவா இரிப்பீங்க. மறுகா வாறது இதவிட மோசம். எத நிப்பாட்டுறது எண்டு நான் சொல்லிட்டன். பூசுறது உங்கட கை."

எழுதிக் கொடுத்தது பருவுக்குக் கொஞ்சம் குளிசையும், வாசம் இல்லாத வழவழவென்ற ஒரு ஒயின்ட்மென்டும். இவ்வளவுதானா என்று தாய் கேட்டாள். இவ்வளவுதான் என்றாள் டொக்டர். முந்தி இருந்த மாதிரி முகம் வருமா என்று தர்ஷினி கேட்டாள், வரும், மாதக்கணக்கு எடுக்கும் என்று பதில் வந்தது.

சலூனுக்குத் திரும்பி வந்ததும் தாய் தொடங்கினாள். என்னிடம் இல்லை, நேரே அக்காவிடம். அந்த லாச்சியில் இருக்கிறதைத் தரச் சொல்லிக் கேட்டாள். அக்கா என்னைப் பார்த்து, கேட்கிற ஆளுக்குக் கொடு, நமக்கு என்ன என்றாள். நான் லாச்சிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டேன். என் உடம்பு உங்களுக்குத் தெரியும், நான் இருந்தால் லாச்சி திறக்காது.

தாய் என் பக்கம் திரும்பி அழத் தொடங்கினாள். "நீங்கதானே அக்கா கையக் காட்டி வித்தீங்க. இப்ப நீங்களே இல்லெண்டா நான் என்ன செய்யிற? மாப்பிள்ள வந்து பாத்திட்டுத் திரும்பிப் போனா எனக்கு ஊருக்குள்ள இரிக்க ஏலுமா?"

அவள் கேட்டது நியாயம். நான் கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினேன். "இந்தக் கைதான் தங்கச்சி. இண்டைக்கு மேசையில உரசிக் கிழிஞ்சது. உன்ட மகள்ட கன்னம் எங்க உரசும் எண்டு எனக்குத் தெரியா" என்றேன். அவள் பார்த்தாள். நம்பினாளா என்றால், பாதி நம்பினாள். மறு பாதி மணவறையில் நின்றது.

தர்ஷினிதான் முடித்துவைத்தாள். நம்முடைய பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பொம்பிளை வீட்டுக்குத்தானே மாப்பிள்ளை வந்து இருப்பது, அதை வைத்தே கதைத்தாள்.

"அம்மா, கலியாணத்துக்கு வாற சனம் சோறு திண்டிட்டுப் போயிரும். அவர் நம்மட வீட்டிலதானே வந்து இரிக்கப்போறார். ஒவ்வொரு நாளும் இந்த முகத்தத்தான் பாக்கணும். கலியாணத்தண்டே பாக்கட்டும். நாளைக்கு நான் போன் எடுத்துச் சொல்றன், படத்தில இரிக்கிறது கிறீம் எண்டு."

சொன்னபடி சொல்லியும் விட்டாள். அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்டேன், கேட்காமல் இருப்பேனா? லைன் கிளியர் இல்லை என்று வைத்துவிட்டானாம். மிச்ச நாள் முழுக்கச் சலூனில் போன் அடித்தால் நான்தான் ஓடிப்போய் எடுத்தேன்.

கலியாணத்தன்று விடிய நான் பெரியகல்லாற்றுக்குப் போனபோது டொக்டர் சொன்னது அப்படியே நடந்திருந்தது. முகம் இரண்டு பக்கமும் சுட்ட செங்கல். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கூறைச் சேலையும் சிவப்பு. முதல்நாள் வாடகைக்கு எடுத்த மேக்கப் பெட்டியோடு ஒரு சொந்தக்காரி நின்றாள், இரண்டு பூச்சுப் பூசினால் மறைந்துவிடும் என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் பச்சைப் புண் மாதிரி இருக்கிற தோலில் அந்தப் பூச்சும் பவுடரும் போட்டுவிட்டு, ஓமப் புகையில் மூன்று மணித்தியாலம் இருத்தினால், கழுவும்போது தோலும் சேர்ந்து வரும். கன்னத்தில் ஒயின்ட்மென்டைத் தவிர ஒன்றும் வைக்கவில்லை. கெடாத இடம் எது என்று பார்த்தேன். கண் கெடவில்லை, புருவம் கெடவில்லை, தலைமயிர் இடுப்பளவு கிடக்கிறது. என் முப்பது வருசத் தொழிலையும் அந்த மூன்று இடத்தில் இறக்கினேன். பொட்டைக் கொஞ்சம் பெரிதாக எழுதினேன். சனம் எங்கே பார்க்கவேண்டும் என்று நாம்தான் சனத்துக்குச் சொல்லவேண்டும்.

சனம் வேறு இடத்தைத்தான் பார்த்தது. சுடுதண்ணீர் ஊத்துப்பட்டதாமா, அம்மாள் போட்டதாமா என்று பின்வரிசையில் கதை ஓடியது. தாய் நிமிரவே இல்லை. ஐயர் ஓமத்தில் நெய்யை ஊற்ற, புகை நேராகப் பிள்ளையின் முகத்துக்கு வந்தது. நான் பின்னால் ஈரத் துணியோடு இருக்கிறேன், அவளுடைய காது வரைக்கும் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். அந்தச் சிரிப்பு எவ்வளவு எரியும் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை அதுவரை பொம்மை மாதிரி நேரே பார்த்துக்கொண்டு இருந்தவன், திரும்பி அவளை ஒருதரம் பார்த்தான். பிறகு ஐயர் பக்கம் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னான். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"ஐயா, நெய்யக் கொஞ்சம் குறைச்சு ஊத்துங்க. அவவுக்கு எரியுது."

எனக்குக் கண்ணில் புகை போய்விட்டது.

பிறகு சலூனில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அக்கா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. ஏன் என்றால் அதற்குள் அதே சிவப்போடு மூன்று பேர் வந்தார்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டுமே. மூன்று பேரையும் கிளினிக்குக்கு அனுப்பினேன். நாலாவதாகக் கறுப்புக் கண்ணாடியும் தலையில் சால்வையுமாக ஒரு மனுசி போனாள். அது அக்காதான். இரண்டு வருசமாக அவளுடைய வடிவும் அந்த டப்பியில் இருந்துதான் வந்தது. திரும்பி வந்த அன்று பீங்கான் கோப்பையைக் கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொடுத்தாள். நான் ஞாபகம் உள்ள வீடுகளுக்கெல்லாம் போய் டப்பிகளைத் திருப்பி வாங்கினேன். சில வீட்டில் கொடுத்தார்கள். சில வீட்டில், பொறாமையில் வந்து கேட்கிறாள் என்று கதவைச் சாத்தினார்கள். அந்த முகங்களை இப்போதும் சந்தையில் காண்கிறேன்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் ஒரு சாமான் கொடுப்பதற்கு முதல் செய்தது இதுதான். முகத்தை வெறும் தண்ணீரில் கழுவவைத்து அரை மணித்தியாலம் சும்மா இருக்கச் சொல்லுவேன். அந்த நேரத்தில் ஊர்க் கதை கேட்கலாம், அது எனக்கு லாபம். பிறகு தொட்டுப் பார்ப்பேன். இறுகி இழுத்தால் வறண்ட தோல், மினுங்கினால் எண்ணெய்த் தோல், இரண்டும் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டு பதில். பிறகு, இதுவரை என்ன பூசினீர்கள், எவ்வளவு நாள், வெயிலில் வேலையா, அடுப்படியா, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்பேன். நீங்கள் விற்கிற ரெட்டினோலை வயிற்றுப்பிள்ளைக்காரி பூசக்கூடாது என்று போத்தலில் பொடி எழுத்தில்தான் இருக்கிறது, அதை நீங்கள் வாயால் சொல்லவேண்டும். வட்டைக்குள் வெயிலில் நாற்று நடுகிறவளும் வங்கியில் குளிரில் இருக்கிறவளும் ஒரே கிறீமைக் கேட்டால் ஒருத்திக்கு இல்லை என்று சொல்லுங்கள். புதிதாக எது என்றாலும் ஒரு நேரத்தில் ஒன்று, முதலில் காதுக்குப் பின்னால், சில நாள் அங்கேயே. உங்கள் கையில் இல்லை, அவளுடைய தோலில். என் கை சொன்ன பதில் என் கைக்கு மட்டும்தான், அதுகூடப் பொய்.

உள்ளே என்ன இருக்கிறது, அது என்ன வேலை செய்யும் என்று உங்கள் வாயால் சொல்ல ஏலாத எதையும் விற்காதீர்கள். எனக்கு இங்கிலீசு எழுத்து அந்தக் கிளினிக் மேசையில்தான் தொடங்கியது. மஞ்சள் டியூபின் மருந்துப் பெயரை டொக்டரிடம் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் வரைந்தேன். எழுதவில்லை, கோலம் மாதிரி வரைந்தேன். அறுபதை எட்டிப் பார்த்த எனக்கு அது ஏலுமாக இருந்தது என்றால், கையில் போன் வைத்திருக்கிற உங்களுக்கு ஏலாது என்று சொன்னால் நான் காதில் வாங்கமாட்டேன்.

தர்ஷினியின் முகம் தேற நாலைந்து மாதம் எடுத்தது. இடையில் ஒருதரம் முழுக்கக் கிளம்பி, தாய் வேறு ஒரு சலூனில் டப்பி வாங்கிக்கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்ததும், மாப்பிள்ளை கட்டாருக்குத் திரும்புவதற்கு முதல்நாள் அதைக் கண்டெடுத்து வாவிக்குள் எறிந்ததும் நடந்தது. மீன் ஏதும் வெளுத்ததா என்று தெரியவில்லை.

அடுத்த வருசம் சித்திரைக்கு அவர்கள் கூப்பிட்டு நான் போனேன். முன் விறாந்தையில் கலியாணப் படம் பெரிதாக மாட்டியிருந்தது. படக்காரனைப் பிடித்துக் கொம்பியூட்டரில் முகத்தை வெளுக்கவைத்தது தாயின் வேலை. வருகிற சனம் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறது யார் என்று கேட்கிறார்களாம். அந்த நேரம் தர்ஷினி தேத்தண்ணீரோடு அடுப்படியில் இருந்து வந்தாள். முதல் நாள் நான் பார்க்காமல் விட்ட முகம். நல்ல மாநிறம், கன்னம் கொஞ்சம் வறட்சி, நெற்றி கொஞ்சம் கறுப்பு. அடுப்பின் சூடு அவள் முகத்தில் ஒரு சிவப்பும் வைக்கவில்லை. நான் எழும்பிப் போய்க் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். தோல் தடிப்பாக, சும்மா, தோலாக இருந்தது.

தாய் பெருமூச்சு விட்டாள். "எவ்வளவு பாடுபட்டோம் அக்கா. கடைசியில முந்தி இரிந்த மாதிரியேதானே வந்து நிக்கிறாள்."

"ஓம் அம்மா" என்றாள் தர்ஷினி, எனக்குத் தேத்தண்ணீரைத் தந்துகொண்டே. "அதத்தான் நான் கேட்டது."